மாத்திரை அட்டை கேட்ட டாக்டரம்மா

உள்ளே போனதும் கையை நீட்டுவார். "மாத்திரை அட்டை எங்க மக்ளே?" என்பார். இத்தனைக்கும் அவர் ஹோமியோபதி டாக்டர். இங்கிலீஷ் மாத்திரை தின்று அலுத்துப்போய்தான் அவரைத் தேடி ஜனம் மாடியேறி வரும். வந்தவர்களிடம் முதல் வேலையாக அந்த இங்கிலீஷ் மாத்திரை அட்டையையே கேட்கிறவர் பிழைக்கத் தெரிந்தவரா? இது தேறாத கேஸ் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன்.

சர்க்கரை, பிரஷர், தைராய்டு என்று வேறு டாக்டர் எழுதிக்கொடுத்தது எதுவாக இருந்தாலும், ஒவ்வொரு முறையும் அந்த அட்டையைக் கொண்டுபோக வேண்டும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, காலியான குழிகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணுவார். போன தடவை எத்தனை இருந்தது என்று நோட்டைப் புரட்டிப் பார்ப்பார். கணக்கு இடித்தால் அன்றைக்கு அவருடைய மருந்தான இனிப்பு உருண்டை கிடையாது. "போய் அத ஒழுங்கா முழுங்கிட்டு வா. என் மருந்து எங்கயும் ஓடிப்போவாது" என்று திருப்பி அனுப்பிவிடுவார். இரண்டு பஸ் மாறி வந்தவர்கள் திட்டிக்கொண்டே படியிறங்குவதை நானே பார்த்திருக்கிறேன்.

ஒரகடம் கூட்டு ரோட்டில் பஞ்சர் கடைக்கு மேலே ஒரே ஓர் அறை. கீழே கம்பெனி பஸ்கள் ஆள் ஏற்றும் இடம். ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். அவர் பாதி திறந்து வைத்திருப்பார். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். வீட்டுக்காரருக்கு இங்கே கார் கம்பெனியில் வேலை கிடைத்துக் கூட வந்தவர். அந்த மனிதர் போய்ச் சேர்ந்த பிறகும் இங்கேயே தங்கிவிட்டார். கோபம் வந்தாலும் குரல் ஏறாது. எதையும் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனவர் பேசுகிற குரல் அது.

நான் வல்லம் வடகாலில் கார்களுக்கு வயர் கட்டு செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறேன். வயர்களைச் சேர்த்துப் பிடித்து எட்டு மணி நேரம் டேப் சுற்ற வேண்டும். கையுறை போட்டுப் போட்டு விரலிடுக்கெல்லாம் அரித்துப் புண்ணாகிவிட்டது. கம்பெனி மெடிக்கல் ரூமில் கொடுத்த களிம்பு இரண்டு நாள் கேட்கும், மூன்றாம் நாள் பழைய குருடி கதவைத் திறடி. கூட வேலை செய்கிற பெண் சொல்லித்தான் அந்த மாடிக்குப் போனேன்.

கை அரிப்புக்குப் போனவளிடம், நாய்க்குப் பயமா, எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பாய், தாகம் எடுக்குமா, கடைசியாக எதற்கு அழுதாய் என்றெல்லாம் கேட்டால் எரிச்சல் வருமா வராதா? எனக்கு வந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தேன். ஆனால் நான்காவது கேள்விக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தவள் நிறுத்தவில்லை. லைனில் என்னிடம் யாராவது கேள்வி கேட்டால் அது டார்கெட்டைப் பற்றித்தான் இருக்கும். இங்கே ஒரு மனுஷி நோட்டில் எழுதிக்கொண்டே, "சொல்லு மக்ளே, பொறவு?" என்றார். கை அரிப்பில் ஆரம்பித்த பேச்சு என் வீட்டுக்காரரின் வலிப்பில் போய் நின்றது. அதுவரை ஒருத்தரிடமும் நான் சொன்னதில்லை.

பேனா நின்றது. "என்ன வேல பாக்காரு?"

"ஃபோர்க்லிஃப்ட் ஓட்றார்" என்றேன்.

கம்பெனிக்குள்ளே பெரிய பெரிய சரக்குப் பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு ஆட்களுக்கு நடுவில் போய் வரும் வண்டி அது. டாக்டரம்மா அதையும் நோட்டில் குறித்துக்கொண்டார். கைக்கு மருந்து கொடுத்தார். "அடுத்த வாட்டி அவரையும் கூட்டிட்டு வா, அட்டையோட" என்றார்.

என் கை ஆறியது. அந்த உருண்டையால் ஆறியதா, க்ளவுஸுக்கு உள்ளே பருத்தித் துணிக் கையுறை போடு என்று அவர் சொன்னதால் ஆறியதா என்று எனக்குத் தெரியாது. அவரிடமே கேட்டேன். "எனக்கும் தெரியாது மக்ளே. ஆறிச்சில்லா? துணிய விட்டுராத" என்றார். தன் மருந்தால்தான் ஆறியது என்று மார்தட்டாத டாக்டரை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

ஒருமுறை கம்பெனியில் உடல்நல நாள் என்று ஒன்று நடத்தினார்கள். கண் பரிசோதனைக்கும் யோகா பாய்க்கும் நடுவில் அவருக்கும் ஒரு மேஜை. இனி எல்லா மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் வரப்போகிறது, அதுதான் எதிர்காலம் என்று ஹெச்.ஆர். மைக்கில் பேசினார். கைதட்டினோம். டாக்டரம்மா அன்றைக்கு நாற்பது பேரைப் பார்த்தார். முதுகுவலி, தலைவலி, தூக்கமின்மை. ஒவ்வொரு சீட்டிலும் மருந்துக்கு மேலே, இவருக்கு ஷிஃப்ட் மாற்றிக் கொடுக்கவும், இவரைச் சிறிது நேரம் உட்கார்ந்து வேலை செய்ய விடவும் என்று எழுதி வைத்துவிட்டார். அடுத்த வருஷம் அந்த மேஜையில் வேறு யாரோ ஜூஸ் விற்றார்கள்.

இன்னொரு நாள் நான் மாடியில் காத்திருந்தபோது சென்னையிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். செல்போன் செயலி ஆரம்பிக்கிறார்களாம். நோயாளி போனிலேயே கேள்விகளுக்குப் பதில் தட்டினால் கம்ப்யூட்டரே ஏழு நிமிஷத்தில் மருந்தைச் சொல்லிவிடுமாம். டாக்டரம்மா மேலெழுந்தவாரியாகப் பார்த்து ஓகே செய்தால் போதும், கூரியரில் உருண்டை போய்விடும். டாக்டரம்மா கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. அவர் மேஜையிலேயே ஒரு லேப்டாப் இருந்தது. நோட்டில் எழுதியதை அதில் தட்டித்தான் மருந்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அட்டைய யாரு பாக்கது?"

"எந்த அட்டை மேடம்?"

"அவங்க போடுத மத்த மாத்திர அட்டை. அத நிறுத்திட்டாங்களா இல்லியான்னு யாரு பாக்கது?"

"அது அவங்க பொறுப்பு மேடம். டெர்ம்ஸ்ல போட்டுடுவோம்" என்றான் ஒருவன். டாக்டரம்மா தலையாட்டிக்கொண்டார். அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

ஹோமியோபதி வெறும் சர்க்கரை உருண்டை, அதில் மருந்தே இல்லை என்று ஒரு வீடியோ அப்போது சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் லைன் இன்ஜினியர் அதை எனக்கு அனுப்பி, கூடவே சிரிக்கும் பொம்மையையும் போட்டார். நான் அதை டாக்டரம்மாவிடம் காட்டினேன். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். முழுக்கப் பார்த்தார். "இவன் கேக்கதுல தப்பு இல்ல. நிரூபின்னு கேக்கான். நாங்க ஒழுங்காப் பதில் சொல்லணும். கோவப்பட்டு என்ன செய்ய?" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்துக்கொண்டார். அந்த முகத்தைப் பார்க்க எனக்கே ஆயாசமாக இருந்தது.

என் வீட்டுக்காரரை ஒருவழியாகக் கூட்டிப் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் வலிப்புக்கு எழுதிக்கொடுத்த மாத்திரையை விட்டுவிட வேண்டும் என்று அவர் துடித்துக்கொண்டிருந்தார்.

"அத்த போட்டா தூக்கம் தூக்கமா வர்து டாக்டர். வண்டில குந்திக்கினு தூங்க முடியுமா? உங்க மருந்துல தூக்கம் வராதாமே. வலிப்பு வர்து கம்பெனிக்கும் தெரியாது" என்றார்.

"தூக்கம் வருதுன்னா மருந்து குடுத்த டாக்டர்ட்ட போய்ச் சொல்லு. அளவு மாத்திக் குடுப்பாங்க. என் மருந்து இதுக்குப் பதில் ஆவாது. நீ வண்டி ஓட்டவும் கூடாது. கம்பெனில சொல்லி வேற வேல கேளு."

"சொன்னா எறக்கி வுட்ருவான். அப்பால வெளிய அனுப்ப எத்தினி நாள் ஆவும்?"

டாக்டரம்மா மாத்திரைப் பெயரையும் அளவையும் நோட்டில் எழுதிக்கொண்டார். பதினைந்து நாளைக்கு ஒருமுறை அட்டையோடு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். என் வீட்டுக்காரர் வருவதாகத் தலையாட்டினார். கம்பெனியில் சொல்ல நான் அவரைப் பேசிச் சம்மதிக்க வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. ஒரு ஷிஃப்ட் முடித்து வந்து வீட்டில் இன்னொரு ஷிஃப்ட் சண்டை போட எனக்குத் தெம்பில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் என் மேலேயே கோபம் வருகிறது.

இரண்டாம் முறை போனபோது என் வீட்டுக்காரர் காலி அட்டையை கெத்தாக நீட்டினார். டாக்டரம்மா எண்ணவில்லை. அட்டையைத் திருப்பினார். பின்பக்கத்து வெள்ளித்தாளை விரலால் தடவிப் பார்த்தார்.

"பத்தும் ஒரே நாள்ல குத்துனது" என்றார்.

"இன்னா டாக்டர்?"

"தெனம் ஒண்ணாக் குத்துனா அட்டை பையில கிடந்து மடங்கும், கசங்கும். மொதல்ல குத்துன ஓட்டையில தாள் உதிர்ந்து போயிருக்கும். இது பத்தும் பளபளன்னு ஒண்ணுபோல நிக்கி. மாத்திரய எங்க போட்ட, சாக்கடையிலயா?"

என் வீட்டுக்காரர் முகம் செத்துப்போய்விட்டது. டாக்டரம்மா திட்டுவார் என்று நாங்கள் காத்திருந்தோம். அதற்குப் பதிலாக ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஊர்ல நான் புதுசா போர்டு வச்ச நேரம். இருவத்திரண்டு வயசுப் பையன் ஒருத்தன், இதே சீக்கு. அவங்கம்மை கூட்டிட்டு வந்தா. ரெண்டையும் கலக்க வேண்டாம், அத நிறுத்து, நான் பாத்துக்கிடுகேன்னு சொன்னேன். படிச்ச திமிரு. ரெண்டு மாசம் ஒண்ணும் வரல்ல. எனக்குப் பெருமை தாங்கல்ல. மூணாம் மாசம் குளத்துல குளிக்கப் போனான்."

கீழே ஒரு பஸ் ஹாரன் அடித்து ஓய்ந்தது.

"அவங்கம்மை என்னைய ஒரு வார்த்த ஏசல்ல. பாட்டில்ல மிச்சம் கிடந்த உருண்டயக் கொண்டாந்து இந்த மாதிரி மேசையில வச்சிட்டுப் போயிட்டா."

படியிறங்கும்போது என் வீட்டுக்காரர், "கத வுடுது அந்தம்மா. பெரிய ஆஸ்பத்திரிக்கு ஆள் புடிக்கிற வேல" என்றார். அதன் பிறகு அங்கே வரவே இல்லை. அந்த இளைஞர்களின் செயலி போல ஏதோ ஒன்றைப் போனில் பிடித்து, நாய்க்குப் பயமா என்ற கேள்விக்கெல்லாம் பதில் தட்டி, கூரியரில் உருண்டை வரவழைத்துக்கொண்டார். அது அட்டையைக் கேட்கவில்லை. நான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். எந்தத் தேதியிலிருந்து மாத்திரை போடவில்லை என்று கேட்டு நோட்டில் குறித்துக்கொண்டார். "நீ தெனமும் சொல்லிட்டே இரி. அலுப்பாத்தான் இருக்கும்" என்றார்.

சொன்னேன். பாதி நாள் சொன்னேன், பாதி நாள் விட்டுவிட்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை, ஷிஃப்ட் பஸ்ஸுக்கு நாங்கள் இருவரும் கூட்டு ரோட்டில் நின்றுகொண்டிருந்தோம். பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் கட்டைபோல விழுந்தார். பஞ்சர் கடைப் படியில் தலை மோதிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. கூட்டம் கூடிவிட்டது. இரும்பைக் கையில் கொடு என்று யாரோ கத்தினார்கள். இந்தக் கூட்டு ரோட்டில் எல்லார் பையிலும் இரும்பு என்றால் பைக் சாவிதான். ஆளாளுக்குச் சாவியை எடுத்து அவர் உள்ளங்கையில் திணித்தார்கள். திணிக்கத் திணிக்க விழுந்தது. நானும் வீட்டுச் சாவியை எடுத்து அவர் விரலைப் பிரிக்கப் பார்த்தேன். பத்தாவது படித்தவள், கம்பெனியில் முதலுதவி வகுப்பில் உட்கார்ந்தவள், நானும் அதைத்தான் செய்தேன்.

டாக்டரம்மா செருப்பில்லாமல் மாடியிலிருந்து இறங்கி வந்தார். "சாவிய எடுங்க. எல்லாரும் தள்ளுங்க" என்றார். அன்றைக்குத்தான் அவர் குரல் ஏறிக் கேட்டேன். முந்தானையை மடித்து அவர் தலைக்குக் கீழே வைத்து, ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாட்ச்சைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். யாரையும் கையைக் காலை அமுக்க விடவில்லை. ஆம்புலன்ஸுக்கு போன் போட வைத்தார்.

ஆம்புலன்ஸில் வந்தவர், "நீங்க யாரும்மா?" என்றார்.

"டாக்டர்."

"எந்த ஆஸ்பிடல்?"

"ஹோமியோபதி. இங்க மேல."

"ஓ, அந்த இனிப்பு மாத்திரையா. கொஞ்சம் நவுருங்க" என்றார் அவர். டாக்டரம்மா நகர்ந்துகொண்டார். மேலே போய் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து வந்து என் கையில் கொடுத்தார். என்ன மாத்திரை, என்ன அளவு, எந்தத் தேதியிலிருந்து போடவில்லை, இன்றைக்கு எத்தனை நிமிஷம் இழுத்தது, எல்லாம் அதில் இருந்தது. ஆஸ்பத்திரியில் அதை வாங்கிப் படித்த சின்ன டாக்டர், "இத யாரு எழுதினது? இவ்ளோ தெளிவா யாரும் எழுதி அனுப்ப மாட்டாங்களே" என்றார். நான் சொன்னேன். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அந்தத் தாளை கேஸ் ஷீட்டோடு சேர்த்துப் பின் அடித்தார். எல்லா மருத்துவமும் ஒரே கூரையின் கீழ் என்று மைக்கில் கேட்டதை அன்றைக்குத்தான் நான் கண்ணால் பார்த்தேன். அதைப் பார்க்க டாக்டரம்மாவை யாரும் அங்கே கூப்பிடவில்லை.

என் வீட்டுக்காரருக்கு நெற்றியில் நான்கு தையல். பஸ் நிறைய ஆட்கள் பார்த்துவிட்டதால் இனி மறைக்க ஒன்றுமில்லை. ஃபோர்க்லிஃப்டிலிருந்து இறக்கி ஸ்டோரில் போட்டார்கள். வெளியே அனுப்பவில்லை. ஆஸ்பத்திரியில் அளவு மாற்றிக் கொடுத்தார்கள், தூக்கமும் குறைந்தது. என் வீட்டுக்காரர் மாத்திரையை விடாமல் போட ஆரம்பித்தார். ஆனால் டாக்டரம்மா பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவார். வண்டி போன வருத்தம் அவருக்கு. யார் மேலாவது பழியைப் போட வேண்டுமே.

ரோட்டை அகலப்படுத்தப் பஞ்சர் கடைக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று நோட்டீஸ் வந்தது. டாக்டரம்மா வேறு இடம் தேடவில்லை. "போதும் மக்ளே. ஊருக்குப் போறேன்" என்றார். பாட்டில்களைக் கட்ட உதவப் போனேன். அலமாரியில் கடைசி வரிசைக்குப் பின்னால் என் கையில் ஓர் அட்டை தட்டுப்பட்டது. பிரஷர் மாத்திரை. சுற்றியிருந்த பில்லில் அவர் பெயர் இருந்தது. பதினைந்தில் இரண்டுதான் காலி. வாங்கி மூன்று மாதமாகியிருந்தது.

எனக்கு வந்த கோபத்தில் அட்டையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன். "இன்னா டாக்டரம்மா இது? ஊரையே எண்ணிப் பாத்தீங்க."

திருட்டுத்தனம் பிடிபட்டவர்போலச் சிரித்தார். "ஹோமியோ டாக்டரே இங்கிலீஷ் மாத்திர போடுதான்னு பேசுவாங்கன்னு ஒளிச்சு வச்சேன். ஒளிச்சு வச்சது மறந்தும் போச்சு. எனக்கு யாரு மக்ளே எண்ணுவா?"

"நான் எண்றேன்" என்றேன். என் எதிரிலேயே ஒன்றை முழுங்க வைத்தேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் அட்டையை போட்டோ எடுத்து அனுப்ப வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன்.

ஊருக்குப் போய் ஏழெட்டு மாதம் தவறாமல் அனுப்பினார். நானும் எண்ணி, சரி என்று பதில் போடுவேன். போன மாதம் ஒரு ஞாயிறு, சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போட்டோ வந்தது. எண்ணினேன். சரியாக இருந்தது. சரி என்று தட்டப் போனேன். என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா பேச்சை எடுத்தாலே எழுந்து போகிறவர், என் கையிலிருந்து போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினார்.

"இன்னாமே, இது ஒரே நாள்ல குத்தினது" என்றார்.

"இன்னா சொல்றீங்க?"

"தாளப் பாரு, பளபளன்னு கீது. ஒரு மடிப்பு இல்ல. எனக்குத் தெரியாதா?" போனைக் கீழே வைத்தார். சோற்றுத் தட்டைத் தள்ளினார். "லீவு போடு. போய்ப் பாத்துட்டு வரலாம்."

செவ்வாய்க்கிழமை காலை நாகர்கோவிலில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து, டாக்டரம்மாவின் அண்ணன் வீட்டு மாடிக்குப் போனோம். கதவைத் திறந்தவர் பாதியாக இளைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் வாங்க என்று சொல்லும் முன்பே கை தானாக நீண்டது. "அட்டை எங்க மக்ளே?"

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து தன் அட்டையை எடுத்து அந்தக் கையில் வைத்தார். ஓரம் கசங்கி, நடுவில் மடிந்து, பாதி காலியான அட்டை. டாக்டரம்மா அதைத் திருப்பி, பின்பக்கத்து வெள்ளித்தாளைத் தடவிப் பார்த்தார். நிறைய நேரம் தடவினார்.

"இப்ப உங்கள்த எட்த்துக்கினு வாங்க டாக்டர்" என்றார் என் வீட்டுக்காரர். "போட்டோ வேணாம். அட்டை."

டாக்டரம்மா உள்ளே போனார். அலமாரியைத் திறந்து துழாவும் சத்தம் வெகு நேரம் கேட்டது. நாங்கள் வாசலிலேயே நின்றோம்.